ரோசியின் உத்தரவு

…ஆகவே குளோரோபார்ம் கண்டுபிடித்த அன்றைக்கே சிங்கங்களின் ராஜாங்கம் முடிந்துவிட்டது, இனி சிங்கம் என்பது பல் முளைத்த மூட்டை, அவ்வளவுதான், மெட்ராஸில் மாட்டு வைத்தியம் மூன்றாம் வருஷம் படிப்பவன் என்ற பொறுப்போடு இதைச் சொல்கிறேன், ஆனால் கூண்டை மூடிய இந்தத் தார்ப்பாயை எவ்வளவு நேரம்தான் அழுத்திப் பிடிப்பது, தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது, நாமக்கல் வெயிலில் சர்க்கஸ் கூடாரமே கொதிக்கிறது, உள்ளே மயக்க மருந்துப் பஞ்சோடு ரோசி, நகம் வளைந்து பாதத்துக்குள் இறங்கிச் சீழ் வைத்த கிழட்டுச் சிங்கம், வெளியே நானும் கால்நடை டாக்டரான என் சித்தப்பாவும்… காலையிலேயே முடிந்திருக்க வேண்டியது, எல்லாம் இந்தச் சின்னண்ணனால், குட்டியிலிருந்து அதை வளர்த்த சர்க்கஸ்காரர், கோயிலில் கிடா வெட்டுமுன் செய்வார்களே அதுபோல முதுகில் தண்ணீர் தெளித்துவிட்டு, உடம்பைச் சிலுப்பினால்தான் உத்தரவு என்று கைகட்டி நின்றுவிட்டார். “ஏனுங்க, கொழம்பு வெக்கப் போறீங்களா?” என்றேன். “உசுரு அதோடதுங்க சாமி, கேக்காம எப்படிங்க கைவெக்கறது?” அது சிலுப்பவில்லை, கொட்டாவி விட்டது, மறுபடி தண்ணீர், மறுபடி கொட்டாவி, கடைசியில் ஏதோ ஈக்காக ஒரு சிலுப்பு, “குடுத்துருச்சுங்க!” என்று அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்… அந்த அலுப்பில்தானே “பஞ்சுல இன்னும் கொஞ்சம் மருந்து ஊத்தலாம் சித்தப்பா” என்றேன், அவரும் அலுத்துப்போய் ஊற்றினார்.

நகத்தை வெட்டி, சீழை வடித்து, கட்டும் போட்டாயிற்று, தார்ப்பாயை உருவி எறிந்தாயிற்று, அது எழுந்திருப்பது ஒன்றுதான் பாக்கி, எழுந்திருக்கக் காணோம். விலா ஏறுகிறதா? ஏறுகிறது… இல்லை, என் கண்தான் ஏறி இறங்குகிறது… சித்தப்பா நாக்கை வெளியே இழுத்துப்போட்டு, விலாவை அமுக்கி அமுக்கி ஓய்ந்து, “மூச்சு நூல் மாதிரி இருக்குடா, இனி அதுபாடு” என்று மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சின்னண்ணன் என்னைத் திட்டினால்கூடத் தேவலை, “வெயிலு ஜாஸ்திங்க சாமி, அதான் அசந்து தூங்குது” என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு விசிறி தேடிப் போகிறார்… மூட்டையின் மோவாய் இவ்வளவு நரைத்திருப்பதை ஏன் நான் முன்பே பார்க்கவில்லை? வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அள்ளி அதன் முதுகில் தெளிக்கிறேன், சூட்டுக்கு இதம், வேறொன்றுமில்லை, சித்தப்பா கண் திறந்தால் அப்படித்தான் சொல்வேன்… கையை ஏன் கட்டிக்கொண்டேன்? ஒரே ஒரு சிலுப்பு, பெரிதாகக்கூட வேண்டாம்… காலையில் இது சிலுப்பியது எதற்குச் சம்மதித்து, நகத்துக்கு மட்டுமா, இல்லை நான் சொன்ன அந்தக் கொஞ்சத்துக்குமா?