ஏணி மேல் ஒன்பதாம் நாள்

வயர்மேனுக்கு அன்று ஒன்பதாவது நாள். ஒன்பது நாளாக ஒரு சொட்டு தொடவில்லை. அதற்கு அவன் கண்டுபிடித்த ஒரே வழி, வேலை முடிந்ததும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது. உள்ளே இருந்தால் நாலு சுவரும் நெருங்கி வந்தன. வெளியே வந்தால் கால் தானாகத் தெருமுனைக் கடைப் பக்கம் திரும்பியது.

மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போன மனைவி, கிளம்பும்போது ஒரு விலாசத்தை அவன் சட்டைப் பையில் திணித்திருந்தாள்.

"குடியை விட்டவங்க, விட நினைக்கிறவங்க எல்லாம் கூடிப் பேசுற இடமாம். ஒரு தடவை போய் உட்காரு. அப்புறம் எனக்கு ஃபோன் பண்ணு. அதுக்கு முன்னாடி பண்ணாத."

இரண்டு முறை போனான். இரண்டு முறையும் எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் நின்று அந்தக் கட்டடத்து ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். தெரிந்தவர் யாராவது பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டுவிட்டால்? மூன்றாவது முறை மூளை வேலை செய்தது. வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பையோடு மாடி ஏறுகிற வயர்மேனை யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

யாரும் கேட்கவில்லை. வினையே அதுதான்.

"வாய்யா மகராசா!" வாசலிலேயே பிடித்துக்கொண்டார் வாட்ச்மேன். "பதினஞ்சு நாளா ஃபோன் போட்டு என் விரல் தேஞ்சுபோச்சு. இப்பதான் உனக்கு வழி தெரிஞ்சுதா?"

"அண்ணே, நான் வந்து..."

"சாக்கெல்லாம் அப்புறம் சொல்லு. ரெண்டாவது மாடி, டியூஷன் ரூம். ஃபேன் அசைய மாட்டேங்குது." மடக்கு ஏணியை அவன் தோளில் ஏற்றிவிட்டு, அவரே முன்னால் போய்க் கதவைத் திறந்தார். "ஃபேன் ரிப்பேருக்கு ஆள் வந்தாச்சு!"

மனைவி கொடுத்த விலாசமும் அதே அறைதான். உள்ளே பேச்சு பட்டென்று நின்றது. வட்டமாக ஏழு நாற்காலிகள். ஆறில் ஆள் இருந்தது, ஒன்று காலி. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு. ஃபேன் வட்டத்தின் நட்டநடுவில் தொங்கியது. ஆகவே ஏணியையும் அங்கேதான் போட வேண்டியிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஏறினான். கீழே ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு அவன் முட்டியைப் பார்த்தார்கள்.

"இங்க என்ன கூட்டம்?" என்று கேட்டான். யாராவது உண்மையைச் சொன்னால் நானும் அதற்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிடலாம்.

"புத்தகம் படிக்கிற கூட்டம்பா," என்றாள் கழுத்தில் அளவு நாடா தொங்கிய தையல்காரம்மா.

ஒருவர் கையிலும் புத்தகம் இல்லை. காக்கிச் சட்டை பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "கனமான புத்தகம். வீட்டுலயே வெச்சிட்டோம்."

ஃபேனில் பெரிய கோளாறு ஒன்றுமில்லை. கெப்பாசிட்டர் போயிருந்தது. பையில் புதிது ஒன்று கிடந்தது. ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டான். மூடியின் ஸ்க்ரூவை முடுக்கினால் வேலை முடிந்தது. முடிந்தால் இறங்க வேண்டும், பையைத் தூக்க வேண்டும், போக வேண்டும். அவன் போனால்தான் இவர்கள் பேச்சைத் தொடங்குவார்கள். போனால் அவன் கால் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்க்ரூவை முடுக்கினான். கழற்றினான். மறுபடி முடுக்கினான்.

"வயர்மேன் சார்," என்றார் டிரைவர், "இந்த வேகத்துல நான் பஸ் ஓட்டினா, ஏறினவங்க போய்ச் சேர்றதுக்குள்ள தலை நரைச்சிடும்."

யாரோ சிரித்தார்கள். அவன் மறுபடி கழற்றினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான்கு பக்கமும் நாற்காலிகள், தலைக்கு மேலே கூரை. கண்ணை மூடிக்கொண்டே வயர் இணைக்கிற கை அது. அதிலிருந்து ஸ்க்ரூ நழுவி, உருண்டுபோய்க் காலி நாற்காலிக்கு அடியில் நின்றது.

தையல்காரம்மா குனிந்து எடுத்து நீட்டினாள். அவனால் பிடிக்க முடியவில்லை. இரண்டு முறை விரல் காற்றைத்தான் பிடித்தது.

அவள் ஸ்க்ரூவை விட்டுவிட்டு அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை முடுக்கி ரெண்டு தடவை கழட்டிட்ட தம்பி," என்றாள் மெதுவாக. "நானும் தைச்சதையே பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சிருக்கேன். கடையை மூடிட்டு ரோட்டுல இறங்க பயந்துக்கிட்டு." பிறகு கேட்டாள்: "எத்தனை நாள் ஆச்சு?"

"ஒன்பது," என்றான்.

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"இறங்கி வா. உனக்கு இடம் இருக்கு."

"இறங்கினா ஓடிடுவேம்மா. என்னை எனக்குத் தெரியும்."

டிரைவர் எழுந்து வந்து ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்தார். "அப்ப இறங்காதீங்க. அங்கிருந்தே சொல்லுங்க. நான் பிடிச்சுக்கிறேன்."

"முடிஞ்சுதாய்யா?" கீழ்வாசலிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார்.

"நேரமாகும்!" என்று தையல்காரம்மா பதிலுக்குக் கத்தினாள்.

கதவு திறந்தேதான் கிடந்தது. வயர்மேன் அதை ஒருமுறை பார்த்தான். பிறகு ஏணியின் உச்சிப் பலகையில், ஃபேன் இறக்கை தலையில் இடிக்காதபடி குனிந்து, மெல்ல உட்கார்ந்தான். மனைவி உட்காரத்தானே சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லையே.