பவளராணி மாற்றிச் சொன்ன வசனம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. டென்மார்க்கில், விபோர்க் நகரத்தில் ஒரு ஞானஸ்நான விருந்தில், கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது பவளராணி எனக்குச் சொன்னது.

தொடக்கத்தை எழுதி எழுதி வெட்டினேன். ‘1985 இலையுதிர்காலத்தில் ஸ்கீவ நகரத்து மரங்கள்…’ வேண்டாம், மரங்களுக்கு இதில் வேலையில்லை. ‘பிரெஞ்சுச் சிவப்பு வைனை ருசிப்பவர் முதலில்…’ இதுவும் வேண்டாம். எனக்கு வைனைப் பற்றி என்ன தெரியும்? ஆட்களிலிருந்து தொடங்குகிறேன்.

2

கிறிஸ்துநாயகம் மன்னார் ஆள். மனைவி பவளராணி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அகதிகளாக வந்து ஸ்கீவவில் வீடு கிடைத்து ஒரு வருஷம். மேல்மாடியில் ஹோல்கர் என்றொரு கிழவர். வைனை ருசித்து, எது திறம், எது சுமார் என்று வியாபாரிகளுக்குச் சொல்வதே அவர் தொழிலாக இருந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் இருவரையும் கூப்பிட்டார். இருபது வருஷம் கிடந்த பொர்தோ வைன் போத்தலைத் திறக்கப்போகிறாராம்.

(ஏன் இவர்களை? ‘தனிமை’ என்று எழுதி வெட்டினேன். நல்ல போத்தலைத் தனியே திறக்க யாருக்கு மனம் வரும்? அவ்வளவுதான்.)

3

ஹோல்கர் கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி, மூக்கை உள்ளே விட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னார். டெனிஷ் பிடிபட்டது பவளராணிக்குத்தான். அவள் தமிழில் சொன்னாள்.

“கறுப்பான சின்னப் பழமாம். பேந்து சுருட்டுப் பெட்டியாம். இப்ப மழை பெய்த மண்ணாம். அடியிலை பழைய தோலாம்.”

குடிக்காமல் அவளும் முகர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. “இஞ்சாருங்கோ, உண்மையா மண் மணக்குது! மணந்து பாருங்கோ.”

கிறிஸ்துநாயகம் முகர்ந்தார். பிறகும் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். புளிப்பு, நாக்கை இழுக்கிற துவர்ப்பு. வேறொன்றுமில்லை.

“எனக்கு ஒண்டும் மணக்கேல்லை, ராணி.”

“தடிமனோ? மூக்கடைப்போ?”

“இல்லை. இஞ்சை வர முந்தியே இப்பிடித்தான்.”

“எப்பயிருந்து?”

“ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போய் வைச்சிருந்தாங்களெல்லே… பிடரியிலை அடிச்சவங்கள்.”

விசாரித்துவிட்டு விட்டார்கள், கையே வைக்கவில்லை என்றுதான் அதுவரை அவளிடம் சொல்லியிருந்தார். உடம்பில் தழும்பு இல்லை. அவள் நம்பியிருந்தாள்.

கிழவர் ஆவலோடு முன்னே சாய்ந்தார். “என்ன சொல்கிறார்?”

“மழை மணக்குதாம்,” என்று டெனிஷில் சொன்னாள் பவளராணி.

ஹோல்கர் மேசையில் தட்டிச் சிரித்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கிறிஸ்துநாயகம் மரியாதைக்குக் குடித்து முடித்தார்.

4

(இந்த மனிதரை நான் சந்தேகித்தேன். இவ்வளவு காலம் மனைவிக்குத் தெரியாமல் ஒருவர் இப்படி இருக்க முடியுமா? பவளராணியிடமே கேட்டேன். ‘சாப்பிட்டிட்டு உறைப்புச் சரி எண்டுவார், உப்புச் சரி எண்டுவார். வேறை ஒண்டும் சொன்னதில்லை. நான்தான் கவனிக்கேல்லை’ என்றாள். அவர் அதை மறைத்தது, மணத்தைப் பற்றிச் சொன்னால் அந்த இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டி…)

கீழே வந்ததும் பவளராணி வறுத்த கறித்தூள் போத்தலைத் திறந்து அவர் மூக்கருகே பிடித்தாள்.

“இதுகுமோ?”

“மூடும், ராணி. தும்மல்தான் வரும்.”

அவள் மூடவில்லை. போத்தலைப் பிடித்தபடி குசினியில் நின்று அழுதாள்.

5

முடிவு ஒன்று: வைத்தியம் பலிக்கிறது. எழுத முடியாது. நரம்பு அறுந்துவிட்டது, திரும்ப வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

முடிவு இரண்டு: அங்கே நடந்ததையெல்லாம் அவர் மனைவியிடம் சொல்லி ஆறுகிறார். அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நடந்தது இது. மாசியில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. தாதி துவாயில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். கிறிஸ்துநாயகம் குனிந்து பிள்ளையின் உச்சியில் மூக்கை வைத்தார். மூச்சை இழுத்தார். பிறகும் இழுத்தார். கட்டிலில் கிடந்த பவளராணிக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அது நிமிரவேயில்லை.

“என்ன மாதிரி மணக்குது, ராணி?” என்று குனிந்தபடியே கேட்டார். “சொல்லும்.”

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் எழுதிப் பார்த்தவை எல்லாம் பொய்யாக இருந்தன. பிறந்த பிள்ளையின் தலையை நீங்கள் முகர்ந்திருந்தால், கீழே இடம் விட்டிருக்கிறேன். அவருக்கு விளங்குகிற மாதிரி ஒரு வசனம் எழுதுங்கள்.