கீறலுக்குள் சாந்தாமணி

பாலீஷ் மெஷினின் ஸ்விட்ச்சைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தினேன்.

"எவனாவது இதத் தொட்டீங்க, கைய ஒடிச்சுப் போடுவேன்! உள்ள எம்பொண்டாட்டி இருக்கறா!"

மேனேஜர் சென்னியப்பன் கொட்டாவியை அடக்கினார். "தெரியுமுங்ணா. அதனாலதான் மெதுவா ஓட்டலாம்னு இருக்கறோம்."

என் மனைவி சாந்தாமணிக்கு இந்த பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. வால்வுத் தட்டுகளை நகத்தால் தடவுவாள். கீறல் இருந்தால் நகம் தட்டும். தட்டினால் ஒதுக்கி வைத்துவிடுவாள். இன்று காலை ஒரு கீறலில் நகம் மாட்டிக்கொண்டது. நகத்தின் பின்னால் விரல் போயிற்று. விரலின் பின்னால் அவள் போனாள். கீறலின் அகலம் தலைமுடியில் பாதி.

பாலீஷ் போட்டால் கீறல் மூடிக்கொள்ளும். பிறகு வர வழியில்லை.

"மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தமுங்க. மலைதான் தெரியுது."

ஸ்விட்ச்சைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கத்திக்கொண்டே ஓடினேன். கத்தக் கத்த ஷெட் நீண்டது. மூச்சிரைத்து வாயை மூடினேன். மைக்ராஸ்கோப் மூக்குக்கு நேராக நின்றது.

அது முப்பரிமாண மைக்ராஸ்கோப். மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காகப் படமெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தையெல்லாம் ஓர் ஊரைப் போலத் திரையில் எழுப்பிக் காட்டும். ஊரில் பாதியை ஒரு சிவப்பு மலை மறைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு லென்சுக்கும் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தத் தட்டை வைத்தாலும் அதே இடத்தில் அதே மலை. தரச் சோதனைக்கு வந்த ஆடிட்டர் மலையை ஒப்புக்கொண்டார். உச்சியில் கோயில் உண்டா என்று மட்டும் கேட்டார்.

"தொடைய்யா இத!"

"பொட்டுங்ணா! அழிக்கறதாவது! அடுத்த பூஜை வரைக்கும் இருக்கோணும்."

"அவ மலைக்குப் பின்னால இருந்தா?"

"இருந்தா, நல்லா இருக்கட்டுமுங்க."

சட்டை நுனியால் லென்சை அழுத்தித் துடைத்தேன். சென்னியப்பன் கண்ணைப் பொத்திக்கொண்டார். மலை போயிற்று.

குமிழைத் திருகினேன். முதல் அடுக்கில் கொடி கட்டிச் சேலை காய்ந்தது. அடுத்ததில் அடுப்பு எரிந்தது. ஒரே ஒரு சாப்பாட்டுத் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அதற்கும் கீழே சாந்தாமணி காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டுக்கு வாய் அசைந்தது. எங்கள் வீட்டில் அவள் பாடி நான் பார்த்ததில்லை.

"ஏறி வாடி மேல!"

அவள் நிமிரவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். ஷெட்டின் கூரை பருந்து பறக்கும் உயரத்துக்குப் போயிற்று. அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"கேக்காதுங்ணா," என்றார் சென்னியப்பன், கண்ணைத் திறக்காமலே. "அத்தன ஆழத்துக்குச் சத்தம் எறங்காது. அம்மிணி எல்லாக் கீறலையும் அளந்து பாத்துத்தான் இதப் புடிச்சாங்க."

"பொய் சொல்லாதய்யா! பாலீஷ் போடச் சொன்னவன் எவன்? அவன் பேரச் சொல்லு!"

"வேண்டாமுங்ணா."

"சொல்லுய்யா!"

அவர் கையை இறக்கினார்.

"அம்மிணிதானுங்க. எறங்கறப்பவே சொன்னாங்க, எங்கூட்டுக்காரரு வர்றதுக்குள்ள மூடிருங்கன்னு."