முதலாளி மனம் திறந்த செவ்வாய்க்கிழமைகள்

முதலாளி பரீத் முதல்முதலாக அழுதது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கோச்சடைக் கிளையின் சுவர் முழுக்க மாட்டியிருந்த அத்தனை டிவியிலும் ஒரே நேரத்தில். சின்ன டிவியில் சின்னதாக அழுதார். பெரிய டிவியில் கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடிக்குள் போவது வரைக்கும் தெரிந்தது. விற்பனைப் பையன்களும் பெண்களும் யூனிஃபார்மோடு வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் பாதி தூக்கியிருந்ததால் கிரைண்டர் வாங்க வந்த ஒரு வயசான தம்பதி குனிந்து உள்ளே வந்துவிட்டார்கள். அந்த அம்மா டிவிகளைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் வீட்டில் யார் தவறிட்டாங்க என்று மேனேஜர் பாண்டிச்செல்வியிடம் மெதுவாக விசாரித்தார். யாரும் தவறவில்லை, இது மீட்டிங் என்று அவள் சொன்னதை அந்த அம்மா நம்பவில்லை. துக்க வீட்டில் வியாபாரம் பேசக்கூடாது என்று புருஷனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

விற்காமல் போன அந்தக் கிரைண்டருக்காக மத்தியானமே முதலாளி போன் போட்டுப் பாண்டிச்செல்வியைத் திட்டினார். அழுத தொண்டை இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. திட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

இதெல்லாம் கொடைக்கானலில் ஆரம்பித்தது. அங்கே ஒரு ரிசார்ட்டில் முதலாளிகளுக்கென்று தலைமைப் பயிற்சி முகாம் நடந்தது. ஊர் ஊராக வந்திருந்த முதலாளிகள் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனசில் இருப்பதைக் கொட்டினார்களாம். தலைவன் தன் மனசைத் திறந்தால் தொழிலாளியின் மனசும் திறக்கும், தொழிலாளியின் மனசு திறந்தால் விற்பனை தானாக ஏறும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அதற்கு முன்பு பரீத் விடிவதற்குள் மேனேஜர்களை போனில் எழுப்பி டார்கெட் கேட்கிற மனிதர். முகாமிலிருந்து திரும்பிய பிறகும் அந்த போன் நிற்கவில்லை. அழுகை கூடுதலாகச் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அவருடைய சோகம் அவருடைய அத்தாவைப் பற்றியது. டவுனுக்குள் ஒரு சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அத்தா. அந்த மனிதர் மகனைப் பார்த்து ஒருநாளும் நல்லாப் பண்ணினடா என்று சொன்னதில்லையாம். அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கித்தான் இத்தனை கிளை திறந்தாராம். வாரா வாரம் இதே கதைதான் டிவியில் வந்தது. கதை முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன வாரம் ஃபிரிட்ஜ் ஏன் இம்புட்டுக் கம்மி என்று ஆரம்பிப்பார். மீட்டிங்கில் போன நேரத்துக்கு ஈடாகச் சாயங்காலம் எல்லோரும் கூடுதலாக நிற்க வேண்டும்.

பிறகு மேனேஜர்களும் அதே டிவியில் முறை வைத்து மனம் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு தலைமைக் கடையின் நிர்வாகி நாகூர் கனிக்கு. அத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தோடு இருப்பவர், அதட்டத் தெரியாத மனிதர். திங்கட்கிழமையானால் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "நாளைக்கு உங்க முறை, கொஞ்சம் உருக்கமா இருந்தா நல்லாருக்கும்" என்று கூச்சத்தோடு சொல்வார்.

இதில் கொடிகட்டிப் பறந்தவன் திருமங்கலம் கிளை மேனேஜர் முகேஷ். முதல் வாரம் சின்ன வயசில் லாரியில் அடிபட்டுச் செத்த நாயைச் சொன்னான். முதலாளி விம்மினார். அடுத்த முறை தாத்தா செத்தார். அதற்கடுத்த முறை காதலித்த பெண் வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டு துபாய் போனாள். நிஜத்தில் முகேஷ் வீட்டில் நாயே வளர்த்ததில்லை, தாத்தா தினமும் சைக்கிளில் பேப்பர் வாங்கப் போய்க்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி கேட்டதற்கு, "விடுங்கக்கா, அவரு கேக்குறாரு, நான் குடுக்குறேன். கஸ்டமர் கேட்ட கலர்ல மிக்ஸி குடுக்குற மாதிரிதான்" என்றான்.

பாண்டிச்செல்விக்குப் பொய் சொல்ல வரவில்லை. கால் வலிக்கிறது, நின்று நின்று நரம்பு புடைத்திருக்கிறது என்று தன் முறைக்குச் சொன்னாள். அது உடம்பு சம்பந்தப்பட்டது, மனசு சம்பந்தப்பட்டதாக வேண்டும் என்று நாகூர் கனி திருத்தினார்.

மனசு சம்பந்தப்பட்டதும் அவளிடம் இருந்தது. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில், அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் படிக்கவைத்த முருகம்மாளின் மகள் அவள். பில் போடும் பெண்ணாகச் சேர்ந்து மேனேஜர் நாற்காலி வரைக்கும் வந்தவள். அவர்கள் தெருவிலிருந்து யாரும் அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதிலிருந்து விழுந்தால் தெருவே பார்க்கும் என்ற நினைப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. சில மாதங்களாகக் காலையில் முதலாளியின் போன் வந்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை நனைந்தது, மூச்சு பாதியில் நின்றது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் ஒருநாள் ஸ்டாக் அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தவளால் எழவே முடியவில்லை. கடை ஆட்கள் கண்ணில் படக்கூடாது என்று நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மனநல டாக்டரைத் தேடிப் போனாள். அவர் கொடுத்த மாத்திரையை வீட்டில் கேஸ் மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தாள். முருகம்மாளும் அதை நம்பி, மகளுக்குக் கடலைச் சட்னி அரைப்பதையே நிறுத்திவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி டிவியில் வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் பேசினார். எல்லோரும் ஏதோ ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது, ஒருத்தராவது முகமூடி இல்லாமல் பேசுங்கள், இங்கே யாரும் யாரையும் தப்பாக நினைக்க மாட்டோம் என்றார். அன்றைக்கு அவர் குரலில் என்னவோ இருந்தது. பாண்டிச்செல்வி நம்பிவிட்டாள்.

போன் வந்தால் நெஞ்சு அடைப்பதைச் சொன்னாள். யாருடைய போன் என்பதையும் சொன்னாள். டாக்டரையும் மாத்திரையையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவளுக்கு உடம்பு லேசாக இருந்தது. முகேஷ் தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி கொஞ்ச நேரம் அசையாமல் இருந்ததில் நெட் போய்விட்டது என்றே நினைத்தார்கள். பிறகு அவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

அந்த வாரக் கடைசியில் நாகூர் கனி நேரில் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தீபாவளி சேல் முடியும் வரை கோச்சடையை முகேஷ் சேர்த்துப் பார்த்துக்கொள்வான் என்றார். அவள் குடோனுக்குப் போய் ஸ்டாக்கைப் பார்த்தால் போதும், அங்கே கூட்டம் கிடையாது, அமைதியாக இருக்கும்.

"முதலாளிக்கு உங்க மேல அம்புட்டு அக்கறைம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அக்கறையில்லாமலே இருக்கச் சொல்லுங்க பாய். நான் இங்கயே இருந்துக்கிறேன்."

நாகூர் கனி எழுந்துகொண்டார். போகிறபோது வாசல் வரை போய்த் திரும்பி வந்து, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

குடோன் அமைதியாகத்தான் இருந்தது. ஏசிப் பெட்டிகளும் எலிகளும் அவளும். அதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். எல்லாக் கிளை வாசலிலும் ஒரு போஸ்டர் வந்தது. அதில் அவளுடைய அடையாள அட்டைப் படம், கீழே 'நாங்கள் காது கொடுக்கிறோம்' என்று பெரிய எழுத்து. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்கு வாஷிங் மெஷின் பார்க்கப் போன சொந்தக்காரி ஒருத்தி முருகம்மாளுக்கு போன் போட்டு, உன் மகளுக்குக் காதில் என்ன கோளாறு, ஆபரேஷன் பண்ணி முதலாளிதான் செலவு பார்த்தாராமே என்று கேட்டாள். முருகம்மாள் அன்று சாயங்காலம் மகள் வீடு திரும்பியதும் இரண்டு காதையும் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

தீபாவளி முடிந்த மறுவாரம் பாண்டிச்செல்வி நாகமலை புதுக்கோட்டைக்குப் போனாள். கிளினிக்கில் நல்ல கூட்டம். பெயர் கூப்பிடுகிற அம்மா வாசலில் நின்று சுருளி, சுருளி என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்ட பிறகு, மூலையில் தொப்பியும் மாஸ்க்கும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, "நான்தான், நான்தான்" என்றார். வாரா வாரம் டிவியில் கேட்ட குரல். பாண்டிச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அவரும் பார்த்தார். பார்த்ததும் உள்ளே போகாமல் வெளியே போய்விட்டார்.

அவள் பின்னாலேயே போனாள். காருக்குப் பக்கத்தில் நின்று சாவியைப் போட முடியாமல் கை நடுங்கிக்கொண்டிருந்தது அவருக்கு. முதலில், தெரிந்தவர் ஒருவருக்காக வந்தேன் என்றார். சுருளி என்ற பெயரிலா என்று அவள் கேட்கவில்லை. பிறகு அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். லிஃப்டுக்குள் போக முடிவதில்லை. பேங்கிலிருந்து போன் வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கொடைக்கானல் போவதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இந்த டாக்டரிடம் வருகிறார். மனைவி சபிஹாவுக்குக்கூடத் தெரியாது.

"அப்ப டிவியில அழுதது?"

"அது முகாம்ல சொல்லிக்குடுத்தது. முடிஞ்சுபோன சோகமா பாத்துச் சொல்லணுமாம். இப்ப நடக்குறதச் சொன்னா மரியாதை போயிருமாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கத்தா தங்கமான மனுசன். ரேடியோவுல ஒரு ஸ்க்ரூ மாட்டுனாக்கூடத் தெருவுல போறவனக் கூப்பிட்டு, எம்மகன் மாட்டுனான்னு சொல்லுவாரு."

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. செத்துப்போன நல்ல மனிதரை வாரா வாரம் எல்லாக் கிளையிலும் கெட்டவராக்கியிருக்கிறார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று பரீத் கேட்டுக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் சரக்கு கொடுக்க யோசிப்பார்கள், பேங்க்காரன் சும்மா இருக்க மாட்டான் என்றார்.

"எனக்கு வியாதின்னு தெரிஞ்சதும் என்னைய குடோனுக்கு அனுப்புனீங்க. உங்கள யாரு சார் அனுப்புறது?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, போஸ்டரை எடுக்கச் சொல்கிறேன், கோச்சடைக்குத் திரும்பி வா என்றார். செவ்வாய்க்கிழமையையும் நிறுத்துங்கள் என்றாள் அவள். அதை மட்டும் இப்போது நிறுத்த முடியாது, மாசக் கடைசியில் ஒரு பெரிய ஹோட்டலில் வியாபாரிகள் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அழைப்பிதழ்கூட அடித்தாகிவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை நடுங்கவில்லை என்பதைப் பாண்டிச்செல்வி கவனித்தாள்.

போஸ்டர் மறுநாளே போனது. அவள் கோச்சடைக்குத் திரும்பினாள். காரணம் யாருக்கும் சொல்லப்படவில்லை. முகேஷ் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தான். இரண்டு கிளையைப் பார்த்ததில் அவனுக்கு நிஜமாகவே தூக்கம் போயிருந்தது. அதை மட்டும் அவன் மீட்டிங்கில் சொல்லவில்லை.

ஹோட்டல் கூட்டத்தில் முதலாளி பிரமாதமாகப் பேசினாராம். எழுந்து நின்று கை தட்டினார்களாம், கேடயம் கொடுத்தார்களாம். கூடப் போயிருந்த முகேஷ் மறுநாள் போன் செய்தான்.

"அக்கா, உங்களுக்கு லிஃப்டுன்னா பயமா? சொல்லவே இல்ல?"

"யாரு சொன்னா?"

"மொதலாளிதான். கோச்சடைக் கிளையில ஒரு பொண்ணு, லிஃப்டுல ஏறாது, போன் வந்தா பாத்ரூமுல போயி ஒளிஞ்சுக்கும், அதை நான்தான் தேத்திக் கொண்டுவந்தேன்னு. மண்டபமே அழுதுச்சுக்கா."

அடுத்த முறை கிளினிக்கில் அவர் இருந்தார். மாஸ்க் மட்டும் போட்டிருந்தார். பாண்டிச்செல்வி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேடயத்துக்கு வாழ்த்துச் சொன்னாள். அவருக்குப் புரிந்துவிட்டது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"என் பேருல சொல்லத்தான் மேடை ஏறினேன் செல்வி. வாயில உன்னைய மாதிரி ஒரு பொண்ணுன்னு வந்துருச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்குனேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அவரை மன்னிக்கவும் தோன்றவில்லை. அவருடைய வியாதிக்குத் தன் பெயரை வாடகைக்கு விட்டது போதும் என்று நினைத்தாள். ராஜினாமா கொடுக்கப்போவதை அங்கேயே சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டபோது, உடம்பு சரியில்லை என்றாள்.

பொங்கலுக்குப் பிறகு திருமங்கலத்தில் ஒரு பாத்திரக் கடையில் சேர்ந்தாள். சம்பளம் முன்னைவிடக் குறைச்சல். அங்கே முதலாளி ஒரு முசுடு. தன் மனசில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்வதில்லை, அடுத்தவர் மனசில் என்ன இருக்கிறது என்றும் கேட்பதில்லை. சேர்ந்த மாதமே டாக்டரிடம் போக அரைநாள் லீவு கேட்டாள். என்ன டாக்டர், எதற்கு என்று சொல்லத் தயாராக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். அவர் கணக்குப் பார்ப்பதிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போயிட்டு வாம்மா" என்றார்.