வரிசை எண் நாற்பத்தொன்று

கல்லூரியில் அது மகிழ்ச்சி வாரம். மகிழ்ச்சிக்கு வராதவர்களுக்கு வருகைப்பதிவு கிடையாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாமாண்டு மெக்கானிக்கல் படிக்கும் ஒட்டடைக்கு அன்றும் விடிய விடியத் தூக்கமில்லை. ஒட்டடைக்குச்சி போல உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் வந்த பெயர். இந்த இரண்டு மாதத்தில் அதற்கு இன்னும் பொருத்தமாகிவிட்டான். பிஸ்கட்தான் சாப்பாடு. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை ஒன்பது தடவை படிப்பான். விடுதியில் ஆலோசகர் அறை என்று பளபளவென்று ஒரு பலகை தொங்கியது. ஆலோசகர் வியாழக்கிழமை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை இருப்பார். அந்த நேரத்தில்தான் லேப். மற்ற நாட்களில் அந்த அறை உடைந்த நாற்காலிகளைக் கவனித்துக்கொண்டது.

மகிழ்ச்சி வாரத்தில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும், மேலே வரிசை எண்ணை மட்டும் குறிப்பிடவும். ஒட்டடை நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு, கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி டிக் அடித்தான்.

மறுநாள் காலையிலேயே துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். காத்த ரகசியம் அவர் மேசைமேல் விரிந்து கிடந்தது.

"என்னப்பா இது? 'காலையில் எழுந்திருக்க மனமில்லை, தினமும்.' இப்படியெல்லாமா எழுதுவாங்க?"

"கேட்டிருந்தாங்க சார்."

"கேட்டா எழுதிடுறதா? பக்கத்து டிபார்ட்மென்ட்ல அத்தனை பேரும் சந்தோஷமா இருக்காங்க. உன் ஒருத்தனால நம்ம சராசரி விழுது. இந்தா, புதுசா ஒண்ணு எழுது."

பேனாவையும் அவரே கொடுத்தார். முதல் கேள்வியிலேயே ஒட்டடையின் கை நின்றுவிட்டது. சொட்டுச் சொட்டாகப் புதுப் படிவமும் பழைய படிவமும் நனைந்தன. இருபத்திரண்டு வருட அனுபவமுள்ள துறைத்தலைவர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

"ஜலதோஷமா?"

வெளியே காத்திருந்த அறைத்தோழன் உள்ளே வந்தான். வாயைத் திறந்தால் வாதாடாமல் விடமாட்டான் என்பதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர்.

"சார், இவன் ரெண்டு மாசமா தூங்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். லீவு குடுங்க."

"காய்ச்சல்னு எழுதித் தரச் சொல்லு."

ஒட்டடை விடுப்புத் தாளை வாங்கி, 'மனசு சரியில்லை' என்று எழுதினான். அழுகிற பையன் சீக்கிரம் அறையைவிட்டுப் போனால் போதும் என்றிருந்த துறைத்தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மருத்துவமனையில் டாக்டரம்மா அரைமணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். மனச்சோர்வு, குணமாகும், ஆனால் நாளாகும் என்றார். அவன் அம்மாவுக்கு அவரே போன் செய்தார். சாயங்காலம் அவள் கண்டக்டர் உடுப்போடு வந்து நின்றாள். டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"டிப்போல எல்லார்கிட்டயும் என்னைப் பத்திப் பெருமையா சொல்லிட்டிருந்தியே."

அம்மா தோள்பையை இறக்கிவைத்துவிட்டு மெதுவாகப் பேசினாள். பேருந்து நிறைய ஆட்களை அதட்டி உள்ளே தள்ளுகிற குரல் அது.

"பரீட்சை கெடக்கு. நீ முதல்ல தூங்கு. டிப்போல நான் வேற ஏதாவது பேசிக்கிறேன்."

ஆறு மாதம் விடுப்பு எடுத்து வீட்டுக்கு வந்தான். மாத்திரை ஒத்துக்கொள்ள மூன்று வாரமானது. வக்கீல் போனில் செய்தி சொன்னான்: மாணவர் நலனில் அவர்கள் துறைக்குத்தான் முதலிடமாம். நாற்பத்தொன்றாம் படிவம் ஈரத்தில் எழுத்து அழிந்துவிட்டதால் செல்லாதாம்.

"அடப்பாவிகளா," என்றான் ஒட்டடை. பிறகு, அன்று விடுதியில் என்ன சாப்பாடு என்று கேட்டான்.

வீட்டில் அடைந்து கிடக்க வேண்டாமென்று சில நாட்கள் அம்மா அவனைத் தன் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டாள். ஒரு மத்தியானம் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அம்மா பக்கத்தில் வந்து ஒரு நிமிடம் பார்த்தாள்.

"எழுப்பலியாக்கா?" என்றார் டிரைவர்.

"வேணாம். வண்டிய மெதுவா திருப்புங்க."