பாதி வலி

வெளிநாட்டுக்கு மருத்துவச்சிப் படிப்புக்குப் போன மகள் முதல் பிரசவத்துக்குக் கை கொடுத்த அன்று, ஊரில் இருந்த அவளுடைய அம்மாவுக்கு ஐம்பத்து நான்காவது வயதில் இடுப்பு வலி கண்டது. அம்மா அப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் தொங்கிய ஈரப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றாள். பிறகு வலி வந்த சுவடே தெரியாமல் போனது. மீதித் துணியையும் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தாள். மாதவிலக்கு நின்று ஆறு வருடமான வயிறு அது. வாயுவாக இருக்கும் என்றார் அப்பா. அப்பாவுக்கு எல்லாமே வாயுதான்.

மகளுக்கு அங்கே மூன்று வருடத்துக்குத்தான் விசா. அதற்குள் நாற்பது குழந்தைகளைத் தன் கையால் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தலைமை மருத்துவச்சியிடம் நீல நோட்டில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். முதல் மாதங்களில் அவள் அந்த ஊர்ப் பாஷையைப் பேசினால் பிரசவத்துக்கு வந்த பெண்கள் வலியை மறந்து சிரித்தார்கள். 'மூச்சை விடு' என்பதற்குப் பதில் 'கதவைத் திற' என்று அவள் சொல்ல, ஒரு கணவன் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டு வந்தான். ஆனால் அவள் கை வைத்த பெண்களுக்கெல்லாம் வலி பாதியாகக் குறைந்தது. இரண்டாவது பிள்ளை, மூன்றாவது பிள்ளை என்று வந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து அடித்துச் சொன்னார்கள். தலைமை மருத்துவச்சி சந்தேகப்பட்டு மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஊசி மருந்தெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. 'தாய்மாரிடம் இதமாக நடந்துகொள்கிறாள்' என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனாள். மிச்சப் பாதி எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா நாலாவது தடவையே கண்டுபிடித்துவிட்டாள். ஒவ்வொரு பிரசவம் முடிந்ததும் மகள் போனில் இன்று இத்தனை மணிக்கு ஆண், இத்தனை மணிக்குப் பெண் என்று சந்தோஷமாக ஒப்பிப்பாள். அம்மா அந்த ஊர் நேரத்தை நம் ஊர் நேரமாக்கிக் காலண்டரைப் பார்ப்பாள். வலி வந்த நேரமெல்லாம் அங்கே பென்சிலில் குறித்திருக்கும். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அப்பாவிடம் மட்டும் சொன்னாள். காய்கறிக் கடையில் வலி வந்தபோது வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து சமாளித்தாள். வங்கியில் வந்தபோது மேலாளரின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பயந்துபோய்க் கேட்காத படிவத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

பதினெட்டாவது பிரசவம் பதினொரு மணி நேரம் இழுத்தது. அம்மா மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதாயிற்று. மருத்துவர் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். விஷயம் அப்பா வழியாகச் சித்தியின் காதுக்குப் போனது. சித்தியின் வாயில் எதுவும் தங்காது. மறுநாளே மகளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

அதன்பின் ஒன்பது நாள் மகள் யாரையும் தொடவில்லை. அங்கியின் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு வார்டின் சுவரோரம் நின்றாள். படிப்பை நிறுத்துவதற்கான கடிதத்தையும் எழுதி வைத்துவிட்டாள். பத்தாம் நாள் அம்மாவே கூப்பிட்டாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா அப்பவே கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்ப."

"உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"பிரசவம் எல்லாருக்கும்தான் ஆகுது. எனக்குத்தான் ஆகாம இருந்துச்சு."

அது உண்மை. மகளை அவள் பெற்றது அறுவை சிகிச்சையில். மயக்கம் தெளிந்து பார்க்கும்போது குழந்தை நாத்தனார் கையில் இருந்தது. அன்றிலிருந்து இருபத்தைந்து வருடமாக நாத்தனார் அவளை 'நோகாம பெத்தவ' என்றுதான் கூப்பிட்டாள். எல்லோரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பாள். பெண்கள் கூடி உட்கார்ந்து பிள்ளை பெற்ற கதையை ஆரம்பித்தால், டீ போட்டுக் கொண்டுவருகிறேன் என்று எழுந்துவிடுவாள்.

"எனக்கு இது புடிச்சிருக்குன்னு சொல்லலடி. வலி யாருக்குப் புடிக்கும்? ஆனா முடிஞ்சதும் ஒரு அப்பாடா வருது பாரு, அது பாதியா வரல. முழுசா வருது. நீ முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடு, போதும். அடுப்புல பாலை வச்சுட்டு நான் வலியெடுத்து நிக்கக் கூடாது."

மகள் அழுதுவிட்டுக் கடிதத்தைக் கிழித்தாள். அன்றிலிருந்து ஒரு பெண்ணைத் தொடுவதற்கு முன்னால் 'ஆரம்பிக்குது' என்று செய்தி அனுப்பினாள். அப்பா கைப்பிடி வைத்த கெட்டியான நாற்காலி ஒன்றை வாங்கிப்போட்டார். வாயு என்ற பேச்சையே அவர் விட்டுவிட்டார்.

முப்பத்தொன்றாவது பிரசவத்துக்கு வந்தவள் துணி வெளுக்கும் கடையில் வேலை பார்ப்பவள். தலைப்பிள்ளை. இரண்டு நாள் வலியில் துவண்டு, இனி என்னால் முடியாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. அறுவை அறை இரண்டிலும் ஆள் இருந்தது. தலைமை மருத்துவச்சி கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். மகள் தன் போனை எடுத்து அந்தப் பெண்ணின் தலையணைமேல் வைத்தாள். இங்கே ஊரில் பகல் மூன்று மணி. அம்மா நாற்காலியில் இருந்தாள். அப்பா தோளைப் பிடித்திருந்தார், சித்தி முழங்காலைப் பிடித்திருந்தாள்.

"பாப்பா, நீ சும்மா படு. நான் முக்குறேன்," என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணுக்குப் பாஷை தெரியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு உடம்பைத் தளர்த்தினாள். அம்மா இங்கே முக்க, அங்கே வயிறு இறுகித் தலை இறங்கியது. நாலு தடவை அம்மா மட்டும். ஐந்தாவது தடவை அந்தப் பெண் கண்ணைத் திறந்து தானும் சேர்ந்துகொண்டாள். குழந்தையின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்த தொப்புள்கொடியை மகள் விரலால் தளர்த்தி எடுத்துவிட்டாள். குழந்தை வெளியே வந்தும் அழவில்லை. மகள் துண்டால் முதுகைத் தேய்த்தாள்.

"அழுதுச்சா?" என்றார் அப்பா போனில். "இன்னும் அழலையா?"

அழுதது. வார்டு முழுக்கக் கேட்கும்படி, கடல் தாண்டி மூன்று பேருக்கும் கேட்கும்படி அழுதது. அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் தலையணைப் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள்.

"நன்றின்னு சொல்றாம்மா."

"தூங்கச் சொல்லு. எனக்கும் கண்ணைச் சொக்குது."

இருவரும் ஆறு மணி நேரம் தூங்கி, ஒரே நிமிடத்தில் விழித்தார்கள். இருவருக்கும் நல்ல பசி.

முப்பத்தாறாவது பிரசவத்தின்போது நாத்தனார் வந்திருந்தாள். நாற்காலி அருகே நின்றவளின் கையை அம்மா எட்டிப் பிடித்தாள். விட்டபோது நாத்தனாரின் நாலு விரலும் வெளுத்துப்போயிருந்தன. அவள் சமையலறைக்குப் போய் டீ போட்டு ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பட்டப்பெயரை அதன்பின் அவள் வாயில் யாரும் கேட்கவில்லை.

விசா முடிய பன்னிரண்டு நாள் இருக்கும்போது நாற்பது நிறைந்தது. தேர்வாளர்கள் வலி ஏன் குறைகிறது என்று கேட்டார்கள். மகள் உள்ளதைச் சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, 'வீட்டாரின் ஒத்துழைப்பு உண்டு' என்று எழுதித் தேர்ச்சி கொடுத்தார்கள். அதே மருத்துவமனையில் வேலையும் விசாவும் கிடைத்தன. வாரத்துக்கு இரண்டு பிரசவம், சில வாரம் மூன்று. அம்மாவின் பத்து வருட முதுகுவலி எப்போது போனது என்று அவளுக்கே நினைவில்லை.

போன மாதம் அம்மா பேருந்தில் போகும்போது செய்தி வந்தது. ஊருக்கே இப்போது விஷயம் தெரியும். நடத்துநர் விசில் ஊதினார். ஓட்டுநர் மரத்தடி பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். பின்சீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு, ஆண்களெல்லாம் கீழே இறங்கி நின்றார்கள். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. வேலைக்குப் போகிறவர்கள்கூட முணுமுணுக்கவில்லை. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம்," என்றாள். நடத்துநர் அதை ஜன்னல் வழியாகக் கீழே நின்றவர்களுக்குச் சொன்னார். அவர்கள் ஏறிக்கொண்டார்கள், வண்டி கிளம்பியது.