மிச்சமிருந்த மாத்திரை

...கொடுக்கக் கூடாது, அழுதாலும் கொடுக்கக் கூடாது, என்று சாம்ராஜ் மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினார், ஃப்ளூ காய்ச்சல் முந்தாநாளே விட்டுவிட்டது, உடம்பு பஞ்சாக இருக்கிறது, அதுதான் ஆபத்து, பஞ்சாக இருக்கும்போதுதான் மிச்சத்தை அடுத்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்கத் தோன்றும்... சுரங்கத் தொழிலாளிகளின் இந்த மைன்ஸ் லைனில் யார் வீட்டில் எது முழுசாகத் தங்கியது, கிறிஸ்துமஸ் கறியில் பாதி, கூரைத் தகரத்தில் பாதி, ஒரு கல்யாணத்துக்குத் தன் பல்செட்டையே அடுத்த வீட்டு நோயலுக்கு இரவல் கொடுத்தாரே, அது அவன் வாயில் உட்கார்ந்துகொண்டு இவர் குரலில் இன்னொரு தட்டு பிரியாணி கேட்டது, ஆண்டர்சன்பேட்டையே சாட்சி... "இன்னா முழிச்சிக்கினு நிக்கிற? நோயலண்ணன் நெஞ்செல்லாம் மைன்ஸ் தூசு, காய்ச்சல்ல அனலா கொதிக்கிறாரு, குடுத்துட்டு வாய்யா!" அடுப்படியிலிருந்து மனைவி இசபெல்லா. அந்தத் தூசு நெஞ்சுக்காகத்தானடி கொடுக்க மாட்டேன் என்கிறேன், இதை எப்படிச் சொல்வது... பூமிக்கடியில் வெடி வைத்தே வயதானவர் சாம்ராஜ், கோழியை இறக்கினால் அவித்த முட்டையிடும் அத்தனை சூடான ஆழம், அங்கே பாறையில் வைத்த வெடி எல்லாமே வெடிக்காது, ஒன்றிரண்டு ஊமையாய்த் தங்கும், மிஸ்ஃபயர் என்பார்கள், அதைச் சொல்லாமல் கேஜ் லிஃப்டில் ஏறி மேலே வந்தவனுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த ஷிப்டில் துளை போட வருகிறவன்தான் சிதறுவான். மாத்திரை எழுதித் தந்த டாக்டரம்மாவும் அதைத்தானே சொன்னாள், அரைகுறையாய் அடிபட்டுப் பிழைக்கும் கிருமி அப்புறம் அந்த மருந்துக்குப் பயப்படாது, அதன் வாரிசுக்கும் பயமிருக்காது, முழுக்க முடித்துவிடுங்கள் என்று... பாதி எனக்கு, பாதி அவனுக்கு என்றால் இரண்டு பேருக்கும் உதவாது.

அடுத்த வீட்டு வாசலில் நோயல் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "ஒரே பீடிய பாதி பாதியா இழுத்தோமே மச்சான், ஒரு மாத்திரைக்கு இவ்ளோ யோசனையா? நீ செத்தா சவப்பெட்டியும் பாதிதான்டா போடுவாங்க." "போடட்டும், கால் மடக்கிப் படுத்துக்கிறேன். உனக்குன்னு முழுசா வாங்கித் தரேன், ஆட்டோல ஏறு." ஏறமாட்டேன் என்றவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார், அவன் வழியெல்லாம் கஞ்சன் கஞ்சன் என்று இருமினான், இருமட்டும், திட்டட்டும், திட்ட மூச்சிருக்கிறதே... ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, மருந்தெழுதிக்கொண்டே, வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்றாள். நோயல் உற்சாகமாகக் கைநீட்டினான், "இவன்தாம்மா! முந்தாநாள் கேரம் ஆட வந்து என் மூஞ்சிலேயே தும்மினான்." அவள் திரும்பினாள், "நீங்க மாத்திரை நடுவுல விடலியே?"

முந்தாநாள்... காய்ச்சல் விட்ட அன்று, தேறிவிட்டோமே, வீணாக எதற்கு என்று காலை மாத்திரையை விட்டார், இரவும் விட்டார், நேற்றுதான் பயந்து மறுபடி ஆரம்பித்தார், இடையில்தான் கேரம், அந்தத் தும்மல்... "ரெண்டு வேளை விட்டுட்டேன்மா," என்றார். பேனா நின்றது. "உங்க ஃப்ரெண்ட் இங்கேயே அட்மிட் ஆகட்டும், அவருக்கு வந்த கிருமிக்கு மருந்து கேக்குதா பாக்கலாம்." நோயல் இழுத்து இழுத்து மூச்சுவிட்டபடி, "இன்னா மச்சான், ரெண்டு வேளைக்கு இப்போ இன்னா?" என்றான். சாம்ராஜ் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார், யார் வந்து எழுப்பினாலும் எழுந்திருப்பதாக இல்லை, நோயலுக்கென்று வாங்கிய புது அட்டையில் முதல் மாத்திரையைப் பிரித்து அவன் நாக்கில் வைத்தார், மருந்தையே பார்க்காத கிருமியா, பார்த்துவிட்டுத் தப்பி வந்ததா, இவனுக்கு நான் கொடுத்தது எது...